நர்சம்மா பதில்கள்: செவ்வாய்க்கிழமை கூலியும் புதன்கிழமை ஊசியும்

கர்ப்பகாலப் பரிசோதனை, கைக்குழந்தைகளின் தடுப்பூசி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர் குமரி மாவட்டத்தின் மலையோரத்திலும் கடலோரத்திலும் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'நர்சம்மா' என்றால்தான் தெரியும் என்று அவரே சொல்லிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டோம்.

கேள்வி: அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலை) பீலிங் வேலை பார்க்கிறேன். உரிக்கிற எடைக்குத்தான் கூலி. இப்போது ஐந்தாம் மாதம். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனால் அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் போன மாதம் போகவில்லை. அடுத்த முறை போனபோது எல்லார் முன்னாலும் "உனக்குப் பிள்ளைமேல அக்கறை உண்டா?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு வாந்தியும் இல்லை, மயக்கமும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். இனி கடைசி மாதம் போனால் போதாதா?
— வாசகி, கருங்கல்

பதில்: அந்த வார்த்தையை முதலில் மனசிலிருந்து எடுத்துத் தூரப் போடு மக்களே. அக்கறை இல்லாதவள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டாள்.

ஆனால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நீ சொல்வதை நான் நம்பப்போவதில்லை. கோபப்படாதே. இரத்த அழுத்தம் ஏறுவது ஆளுக்குத் தெரியாது. முகம் வீங்கி, தலை இடித்து, கண் மங்கும்போதுதான் தெரியும். அதற்குள் பாதி காரியம் கையை விட்டுப் போயிருக்கும். எட்டாம் மாதத்தில் சிரித்துக்கொண்டே வந்து உட்காரும் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றினால் 150-க்கு 100 என்று நிற்கும். அவளும் "எனக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்" என்றுதான் சொல்லுவாள். செக்கப் என்பது இந்த மாதிரி வெளியே தெரியாத விஷயங்களுக்காகத்தான். வெளியே தெரிந்தால் நீயே ஓடி வந்துவிடுவாயே.

இப்போது ஐந்தாம் மாதம் என்கிறாய். ஆறாம் மாதத்தில் ஒரு சர்க்கரைச் சோதனை இருக்கிறது, அதைத் தவறவிடாதே. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய். நம்மூரில் பல பெண்கள் நழுவுவது இந்த இரண்டு மணி நேரத்துக்குப் பயந்துதான். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யலாம் என்ற முறையை வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. கூலிக்குப் போகிற பெண்களுக்கு அந்த மனிதர் செய்த உபகாரம் என்றுதான் நான் சொல்லுவேன்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தது நான்கு தடவை என்பது அரசாங்கக் கணக்கு: 12 வாரத்துக்குள் ஒன்று, 14-லிருந்து 26-க்குள் ஒன்று, 28-லிருந்து 34-க்குள் ஒன்று, 36-க்கு மேல் ஒன்று. அதற்குமேல் எவ்வளவு போனாலும் நல்லது. செவ்வாய்க்கிழமை முடியாவிட்டால் மாதாமாதம் 9-ஆம் தேதி மருத்துவர் பார்க்கும் முகாம் உண்டு, அதைப் பிடித்துக்கொள். இதைப் போய்க் கேள்: "செவ்வாய் வந்தால் கூலி போகுது, வேறே எப்ப வரலாம்?" வாயைத் திறந்து கேட்டால் வழி பிறக்கும்.

அடுத்து, சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று பார். பிடித்தால், பிரசவத்துக்கு முந்தைய இரண்டு ஆறுமாதக் கணக்கில் 70 நாளாவது பங்களிப்புக் கட்டப்பட்டிருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உனக்கு உரிமை. அண்டி ஆபீசில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்கு இது தெரியாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. அதில் 14,000 பணமாக, மீதி 4,000-க்குச் சத்துப் பெட்டகம் இரண்டு. பணம் மூன்று தவணையாக வரும். நான்காம் மாதம் 6,000, பிரசவம் கழிந்து நான்காம் மாதம் 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகு 2,000. போகாமல் மிச்சம் பிடிக்கிற ஒருநாள் கூலியை இதோடு வைத்துப் பார்.

இதை வாசிக்கும் என் சின்ன நர்ஸ் சகோதரிகளே, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ரெஜிஸ்டர் ஒரு பக்கம், கணினிப் பதிவு ஒரு பக்கம், மேலிடத்திலிருந்து போன் இன்னொரு பக்கம். இருந்தாலும் வராதவள் வந்து நிற்கும்போது வாயை அடக்குங்கள். ஒருமுறை திட்டு வாங்கியவள் மறுமுறை வருவதில்லை.

கேள்வி: கடைசி மாதவிலக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. கிட் வைத்துப் பார்த்தேன், இரண்டு கோடு. மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் சொல்லாதே, கண்ணுபடும் என்கிறாள் அம்மை.
— புதுமணப் பெண், தக்கலை

பதில்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், அம்மை சொல்வதிலும் காரியம் இருக்கிறது. கரு கலைவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான். கலைந்துவிட்டால் துக்கம் விசாரிக்கிறேன் என்று வருகிறவர்களின் கேள்வி அதைவிடக் கொடுமை.

நர்சிடம் மட்டும் நாளைக்கே சொல். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். உன் கணக்குப்படி அது இந்த வாரம். அதற்கான ஃபோலிக் அமில மாத்திரை மூன்று மாதம் காத்திருக்காது. 12 வாரத்துக்குள் பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்தால் கிடைக்கிற 12 இலக்க ஆர்சிஎச் எண்தான் பிறகு பணத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படும். நர்சின் கண் படாது. எங்களுக்கு அதற்கு நேரம் கிடையாது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை தின்றால் குமட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. குழந்தையும் கறுத்துப் பிறக்கும் என்கிறாள் என் மயினி. நிறுத்திவிட்டேன். தப்பா?
— ஐந்து மாதக் கர்ப்பிணி, இரணியல்

பதில்: நீயாவது சொன்னாய். சொல்லாதவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கேட்டால் சுத்தமாகக் காலியாக இருக்கும், வீட்டுக்காரி ஒழுங்காகத் தின்கிறாள் என்று நாமும் எழுதிக்கொள்வோம். மழை பெய்த மறுநாள் ஒரு வீட்டு முற்றத்தில் தென்னை மரத்து அடியைப் பார்த்தேன். சிவப்பு மாத்திரைகள் ஊறிப்போய், சுற்றிலும் மண் சிவந்து கிடந்தது. அந்தத் தென்னைக்கு இரத்தசோகை வராது, அது நிச்சயம்.

வெளிக்குக் கறுப்பாகப் போவது உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் நிறம் அப்பனும் அம்மையும் கொடுத்தது, மாத்திரைக்கு அதில் பங்கில்லை. குமட்டலுக்கு வழி சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் போடாதே. இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்கப்போகும்போது போடு. கூடவே எலுமிச்சைத் தண்ணீரோ ஒரு நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா குடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டே, அதை மட்டும் தள்ளிவை. சாயா இரும்பை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்காதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நம்மூர்ச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வயிற்றை நிரப்பும், இரத்தத்தை நிரப்பாது. கூட வைக்கிற சாளையும் நெத்தோலியும் முருங்கைக்கீரையும்தான் காரியத்தைச் செய்யும். கிழங்கு உனக்கு, மீன் ஆம்பிளைகளுக்கு என்று வீட்டில் பங்கு பிரித்தால் அதைக் கேள்வி கேள்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. பிரசவத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் இரத்தம் போகும். 12 இருப்பவள் அதைத் தாங்குவாள். 6 இருப்பவளுக்கு அதே அளவு போனால் உயிருக்கு ஆபத்து. நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். நாளைக்கே மறுபடி தொடங்கு.

கேள்வி: எனக்கு ஐந்து பிள்ளை. ஐந்தும் வீட்டில், எங்கள் ஊர் மருத்துவச்சி பேறு பார்த்தது. ஸ்கேனும் கிடையாது, ஊசியும் கிடையாது. என் மருமகள் மாதம் தோறும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாள். இதெல்லாம் தேவைதானா?
— ஒரு மாமியார், பூதப்பாண்டி

பதில்: அம்மா, நீங்கள் ஐந்து பெற்றுப் பிழைத்தீர்கள், அதனால் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பிழைக்காதவர்கள் எழுத மாட்டார்கள். உங்கள் வயதுக்காரிகள் நாலு பேரோடு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் பேறுகாலத்தில் போனவர்கள் யார் யார், சன்னி கண்டு போனவள் யார், பிறந்து ஏழெட்டு நாளில் வாய் இறுகி இறந்த பிள்ளைகள் எத்தனை என்று பேசிப் பாருங்கள். தெரு நீண்டுகொண்டே போகும். அந்த வாய் இறுகல்தான் டெட்டனஸ். கர்ப்பிணிக்குப் போடுகிற டிடி ஊசி அதற்குத்தான்.

மருத்துவச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் கையில் பிறந்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் இரத்தம் நிற்காமல் போனால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1813-ல், ராணி கௌரி லட்சுமிபாய் அம்மை குத்துவதைக் கொண்டுவந்தபோது சனங்கள் பயந்தார்கள். அரண்மனையில் உள்ளவர்கள் முதலில் குத்திக்கொண்டார்கள், அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. உங்கள் வீட்டுக்கு ராணி நீங்கள்தானே. நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்டது இது. மருமகள் வருகிறாளா இல்லையா என்பதை மருமகள் முடிவு செய்வதில்லை. "போய்ட்டு வா, அடுப்பை நான் பாத்துக்குறேன்" என்று மாமி சொன்ன வீட்டிலிருந்து எல்லாத் தேதிக்கும் ஆள் வரும்.

முடிந்தால் ஒருமுறை அவளோடு நீங்களும் போங்கள். வயிற்றில் கருவி வைத்து இதயத் துடிப்பைக் கேட்கவைப்பார்கள். ஐந்து பெற்ற உங்களுக்கு அது கிடைக்கவில்லை, பேரப்பிள்ளையுடையதையாவது கேளுங்கள்.

கேள்வி: பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையிலுள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்தும் ரப்பர் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். இவர்களின் தம்பி தங்கைகளுக்கு ஊசிகள் பாக்கி என்று கேள்விப்படுகிறேன். தாய்மாரின் அறியாமைதானே காரணம்? பிள்ளைகளை வைத்து விழிப்புணர்வு நாடகம் போடலாம் என்று இருக்கிறேன்.
— ஓர் ஆசிரியர்

பதில்: நாடகம் போடுங்கள் சார், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும். ஆனால் அறியாமை என்கிற வார்த்தையை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர். பத்து ஆண்டு கழித்து 2015-16-ல் பார்த்தால் 70 பேர். அடுத்து 2019-21-ல் 89 பேர். நடுவில் அந்தப் பத்து ஆண்டில் தமிழ்நாட்டுப் பெண்கள் படிப்பை மறந்தா போனார்கள்? படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள், ஊசி போட்டவர்கள் குறைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் காரணத்தை வேறெங்கேயோ தேட வேண்டும்.

இடையில் நடந்தது என்ன? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்த ஊசி பஸ் ஏறிப் போக வேண்டிய ஊசியாகிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தூரம் என்ன செய்யும் என்பதை அந்த ஆண்டுகளில் கண்ணால் பார்த்தவள் நான்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவள் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். வெட்டி, பால் எடுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப முற்பகல் கழிந்துவிடும். ஊசி போடுவதோ புதன்கிழமை முற்பகல். அக்கரையிலிருந்து வருகிறவளுக்குப் படகு வேண்டும், காற்றும் மழையும் இருந்தால் படகு கிடையாது. நடந்து வரலாம் என்றால் ஆனைப் பயம். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021 மே மாதத்திலிருந்து பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து சேருவதுதானே பாடு.

அப்படி இறங்கி வந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். மடியில் பிள்ளை, சாக்கில் விற்பதற்கு நல்லமிளகு, அதற்குள் பாலித்தீனில் சுற்றி நூல் கட்டிய கார்டு. அன்றைக்கு அங்கே சொன்னார்கள்: "மருந்து பொட்டிக்க ஆளு காணாது, அடுத்த புதன் வா." குப்பியைத் திறக்கிற அளவுக்குப் பிள்ளைகள் சேரவில்லை என்று அர்த்தம். காசநோய்க்கான பிசிஜி குப்பியும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் குப்பியும் ஒருமுறை கலக்கிவிட்டால் நாலு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், பல குழந்தைகளுக்கான மருந்து வீணாகுமே என்ற கணக்கில் சொன்னது அது. விதி அப்படியில்லை. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைப் பொட்டிக்க வேண்டும். குப்பி போனால் வேறு வரும். அவள் அடுத்த புதன் வரவில்லை. ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'விருப்பமில்லை.'

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரேஷன் வாங்கவும் மலைச்சரக்கு விற்கவும் இவர்கள் எந்த நாள் இறங்குகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். அந்த நாளில், மதியத்துக்குமேல், பள்ளியிலேயே ஒரு அறையைத் திறந்து கொடுத்து ஊசி முகாம் வைக்கும்படி சுகாதார நிலையத்துக்கு எழுதுங்கள். ஆஷா பணியாளர் உங்கள் பகுதியில் இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். பொதுவாக "எல்லாரும் வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள்.

கேள்வி: குவைத்தில் இருக்கிறேன். மகனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட வேண்டும் என்கிறாள் மனைவி. அது போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று ஒரு ஆடியோ குரூப்பில் வந்தது. பேசுகிறவர் டாக்டர் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.
— பொறியாளர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, இந்த ஆடியோவின் அப்பனை எனக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது இதே கதை வாட்ஸ்அப்பில் மாநிலம் முழுக்கச் சுற்றியது. பள்ளிக்கூட வாசலில் அன்றைக்கு எங்களோடு சண்டை பிடித்தவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? படித்தவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வந்த மாவட்டம் நம்முடையது. வாசிக்கத் தெரிந்தவனிடம்தானே வாட்ஸ்அப்பும் இருக்கிறது.

தட்டம்மை ஊசி நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985-லிருந்து இருக்கிறது. அன்று போட்டுக்கொண்ட குழந்தைகள் இன்று அப்பன் அம்மையாகி, அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். உங்கள் அம்மையிடம் போன் போட்டுக் கேளுங்கள், உங்களுக்கும் போட்டிருக்கும். உங்களுக்கு மகன் பிறந்துவிட்டானே.

கூடச் சேர்த்த ரூபெல்லா இன்னும் முக்கியம். அது வந்தால் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். இந்த ஊசி உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, அவன் பக்கத்தில் உட்காரப்போகும் டீச்சருக்கும் சேர்த்துத்தான். தட்டம்மையையும் 'அம்மை வந்து போகும்' என்று நினைக்காதீர்கள். நிமோனியாவில் கொண்டுபோய் விடும், அதுவரை உடம்பு சேர்த்துவைத்த நோய் எதிர்ப்பையும் அழித்துவிட்டுப் போகும்.

கடல் கடந்து இருந்தாலும் வீட்டில் உங்கள் சொல்தான் நடக்கிறது என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. அப்படியென்றால் இன்றைக்கு ராத்திரி ஒரு போன் போட்டு "புதன்கிழமை கொண்டுபோய்ப் போடு" என்று சொல்லுங்கள். மனைவி சரியாகத்தான் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இப்போது மூன்றாவது, நான்கு மாதம். இரண்டாவது பிரசவத்தின்போது குடும்பக் கட்டுப்பாடு செய்யவில்லை என்று அங்கே ரொம்ப ஏசினார்கள். மறுபடி போய் நிற்க வெட்கமாக இருக்கிறது, இன்னும் பதிவு செய்யவில்லை. தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லை. வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்கு (கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்க) போனால் எப்போது திரும்புவார் என்றே சொல்ல முடியாது.
— கடலோர வாசகி, ஊரும் பெயரும் வேண்டாம்

பதில்: இந்த இதழில் வந்த கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாத கடிதம் உன்னுடையதுதான் மக்களே. இந்த வாரமே போ.

ஏன் அவசரம் என்று சொல்கிறேன். வயிற்றில் ஏற்கெனவே இரண்டு தையல். மூன்றாவதில் நச்சுக்கொடி கீழே இறங்கி அந்தப் பழைய தழும்பின்மேல் போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்புக் கூடுதல். ஒட்டினால் பிரசவத்தில் கொடி பிரியாது, இரத்தம் நிற்காது. முன்கூட்டியே ஸ்கேனில் தெரிந்தால் சமாளிக்கலாம். இரத்தம் தயாராக வைத்து, அறுவை நிபுணர்கள் இருக்கிற இடத்தில், தேதி குறித்துச் செய்வார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தெரியாமல் கடைசி நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டால் எல்லாம் ஓட்டமும் பதற்றமுமாகத்தான் இருக்கும். நடுவில் வலியில்லாமல் இரத்தம் பட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே.

பணம் பற்றி: முத்துலட்சுமி ரெட்டி திட்டத் தொகை முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், இதற்குக் கிடைக்காது. ஆனால் பரிசோதனை, மாத்திரை, ஸ்கேன், சிசேரியன், இரத்தம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு, வண்டி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். எத்தனையாவது பிள்ளை என்று பார்த்துத் தருவதில்லை. 2011-லிருந்து நாடு முழுக்க இதுதான் நடைமுறை. "ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் பார்ப்போம்" என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் 104 சுகாதார உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல். இனிப் பிள்ளை வேண்டுமா, அறுக்கும்போதே கட்டுப்பாடும் செய்துகொள்வதா என்பது நீயும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. அவருக்கும் ஒரு சின்ன ஆபரேஷன் உண்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? இத்தனை ஆண்டில் நான் சொல்லி ஒத்துக்கொண்ட ஆண்களை விரல்விட்டு எண்ணலாம்.

தனியாகப் போகாதே. கோயில் பங்கின் அன்பியக் குழுவில் வாய் திறந்து பேசுகிற அக்கா ஒருத்தி கட்டாயம் இருப்பாள், அவளைக் கூட்டிக்கொண்டு போ. ஆள் கூட இருந்தால் ஏசுகிற வாய் தானாகக் குறையும். உன் இரத்தப் பிரிவு என்ன என்று எழுதிவைத்துக்கொண்டு, கரையில் இருக்கக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் இப்போதே சொல்லி வை. வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது வலி வந்தால் யார் வண்டிக்குப் போன் போடுவது, பெரிய பிள்ளைகள் இரண்டும் எந்த வீட்டில் நிற்பது என்பதையும் பேசி முடித்துவிடு. இதையெல்லாம் வலி வந்தபிறகு யோசிக்க முடியாது.

கேள்வி: மகளைக் களியக்காவிளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பிரசவம் திருவனந்தபுரத்தில். முதல் ஊசிகளும் அங்கேயே போட்டாச்சு. இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். கார்டு மலையாளத்தில் இருக்கிறது. இங்கே போடுவார்களா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
— ஒரு பாட்டி, திருவட்டாறு

பதில்: போடுவார்கள். மொழி எதுவானாலும் ஊசி அதேதான், அட்டவணையும் நாடு முழுக்க ஒன்றுதான். பிறந்த உடன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை ஊசி. அப்புறம் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரம். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பெண்டாவேலண்ட் ஊசியை இந்தியாவிலேயே முதலில், 2011 டிசம்பரில், தொடங்கியது தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்துதான். எல்லைக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

கார்டைத் தொலைத்துவிடாதீர்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். இப்போது யூவின் என்று நாடு முழுவதற்குமான பதிவு வந்திருக்கிறது, அங்கே பதிந்திருந்தால் மகளின் போன் எண்ணை வைத்தே இங்கே எடுத்துப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் மட்டும் பிறந்த ஊரில்தான் வாங்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். வந்த வாரமே அந்த ஊர் நர்சிடம் கார்டைக் காட்டிவிடுங்கள். அங்கே 'ஊரில் இல்லை' என்று எழுதி, இங்கே பெயரே இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாதக் கர்ப்பிணி காணாமல் போவது எங்களுக்குப் பழகிப்போன தலைவலி.

சில்லறைக் கேள்விகள்

கேள்வி: பத்தாம் வார ஊசி போட இரண்டு மாதம் தாமதமாகிவிட்டது. (குலசேகரம்)
பதில்: விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: பிள்ளைக்குச் சளி. ஊசி போடலாமா? (முட்டம்)
பதில்: லேசான சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தள்ளிப்போட வேண்டாம். கடுங்காய்ச்சல் என்றால் மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: அரசு ஊசிக்குக் காய்ச்சல் வருகிறது, தனியாரில் பணம் கட்டிப் போட்டால் வருவதில்லை. எது நல்லது? (நாகர்கோவில்)
பதில்: கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்த மருந்து அரசு ஊசியில் இருக்கிறது, அதனால் காய்ச்சல் கொஞ்சம் கூடுதல். பாதுகாப்பும் நீண்ட நாள் நிற்கும். பணம் கையில் இருந்தால் பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுக்கலாம்.

கேள்வி: அந்தக் காய்ச்சலுக்கு? (நாகர்கோவில், அதே வாசகர்)
பதில்: எடைக்குத் தக்க பாராசிட்டமால், எவ்வளவு என்று ஊசி போட்டவரிடமே கேட்டு வாங்குங்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். இரண்டு நாளுக்குமேல் காய்ச்சல் நீண்டாலோ, மூன்று மணி நேரத்துக்குமேல் நிறுத்தாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: பிசிஜி போட்ட இடம் ஒரு மாதம் கழித்துப் பழுக்கிறது. (குளச்சல்)
பதில்: பழுக்கத்தான் செய்யும், தானாக ஆறும். களிம்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம்.

கேள்வி: தொடையில் ஊசி போட்ட இடத்தில் வீக்கம். தேங்காயெண்ணெய் தடவி உருவிவிடலாமா? (தோவாளை)
பதில்: உருவவே கூடாது. நனைத்துப் பிழிந்த துணியை வைத்தால் போதும். எண்ணெய் மீன் பொரிக்க இருக்கட்டும்.